பளிங்கிலே உயிர் தந்த பிறநாட்டுச் சிற்பி

கல் பேசுமா? பேசும் என்பதை அதியமான்கோட்டைப் பகுதியில் வாழும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரை மீட்கச் சென்று மாண்ட வீரன், ஊரைக் காக்கப் போரிட்டு விழுந்த வீரன் ஆகியோர் கையில் வில்லோடும் வாளோடும் இன்றும் கல்லில் நிற்கின்றனர். அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது அவனுக்கு எழுப்பிய நடுகல்லைக் கண்டு ஔவையார் கலங்கிப் பாடியதும் புறநானூற்றில் உண்டு. கல் என்பது வெறும் கல்லன்று. அது ஒரு நினைவு.

ஆனால் கல்லில் நினைவைப் பொறிப்பவன் யார்? அவன் யாருக்காகப் பொறிக்கிறான்? யாருடைய நினைவு கல்லில் ஏறுகிறது, யாருடைய நினைவு விடுபட்டுப் போகிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிற்பி ஒருவரின் வரலாறு நமக்குத் துணை செய்கிறது. அவர் பெயர் கார்லோ மரோக்கெட்டி. இத்தாலியில் பிறந்து, பிரான்சில் வளர்ந்து, இங்கிலாந்தில் குடியேறிப் புகழ்பெற்றவர். நம் நாட்டின் கான்பூர் நகரிலும் அவர் செய்த பளிங்குச் சிலை ஒன்று உண்டு. நம் தென்னாட்டைச் சேர்ந்த ஓர் இளவரசியின் முகத்தையும் அவர் பளிங்கில் வடித்திருக்கிறார்.

மூன்று நாடுகளின் மைந்தர்

மரோக்கெட்டி 1805-ஆம் ஆண்டு டூரின் நகரில் பிறந்தார். அந்நாளில் டூரின் நெப்போலியனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவருடைய தந்தை பாரிஸ் நகரில் வழக்கறிஞராக இருந்தார். ஆகவே பிள்ளைப் பருவத்திலேயே பாரிசுக்கு வந்து, அங்கே போசியோ என்னும் சிற்பியிடம் கலை பயின்றார். பின்னர் ரோமாபுரிக்குச் சென்று பழஞ்சிற்பங்களைக் கண்டு கண்டு தம் கண்ணையும் கையையும் பழக்கிக்கொண்டார்.

நெப்போலியன் வீழ்ந்த பின் டூரின் மீண்டும் சார்டீனிய அரசின் கைக்குச் சென்றது. பிறந்தபோது பிரெஞ்சு ஆட்சியின் குழந்தையாக இருந்தவர், ஓர் அரசு விழுந்து ஓர் அரசு எழுந்ததால் பிரான்சில் அயல்நாட்டவராகிவிட்டார். பிறகு 1841-ஆம் ஆண்டில் முறைப்படி பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார்.

தாம் பிறந்த டூரின் நகருக்கு அவர் 1838-இல் இம்மானுவேல் பிலிபெர்ட் என்னும் கோமகனின் குதிரைவீரச் சிலை ஒன்றைச் செய்து கொடுத்தார். அதற்கு அவர் கூலி வாங்கவில்லை. மகிழ்ந்த அரசர் அவருக்குப் 'பாரன்' என்னும் பட்டம் வழங்கினார். பாரிசில் உள்ள வெற்றி வளைவில் ஒரு போர்க்காட்சியைப் புடைப்புச் சிற்பமாக வடித்தவரும் இவரே.

கத்தோலிக்கராகிய நாம் சிறப்பாக அறிய வேண்டியது மதலேன் ஆலயப் பீடம். பாரிசில் புனித மகதலேன் மரியாளுக்கு எழுப்பப்பட்ட அந்தப் பேராலயத்தின் பெரிய பீடத்திற்கு மேலே, புனிதையைச் சம்மனசுகள் வானத்தை நோக்கி ஏந்திச் செல்லும் காட்சியை மரோக்கெட்டி வெண்பளிங்கில் அமைத்தார். பாவியென்று ஊரார் ஒதுக்கிய ஒரு பெண்ணாகவே பல நூற்றாண்டுகளாகக் கருதப்பட்டவரை உயரே தூக்கி நிறுத்திய சிற்பம் அது.

1848-இல் பிரான்சில் புரட்சி எழுந்தது. லூயி பிலிப் மன்னர் முடிதுறந்து இங்கிலாந்துக்கு ஓடினார். அவருடைய அரச குடும்பத்தின் ஆதரவில் இருந்த மரோக்கெட்டியும் அதே ஆண்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. பெயரும் புகழும் பெற்ற ஒருவர் மீண்டும் புது மண்ணில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பளிங்கு என்பது யாது?

இங்கே பளிங்கைப் பற்றியும் சிறிது அறிந்துகொள்வோம். கடலடியில் சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து சுண்ணாம்புக்கல் உண்டாகிறது. அது பூமிக்கு அடியில் பெரும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் ஆளாகும்போது பளிங்காக மாறுகிறது. வேதியியலில் நாம் படிக்கும் கால்சியம் கார்பனேட்டே அது. எலுமிச்சைச் சாறு பட்டால்கூடப் பளிங்கின் மினுமினுப்புக் கெட்டுவிடும்.

நம் மாவட்டத்தில் மிகுதியாகக் கிடைப்பது கருங்கல். அது கடினமானது, உளி எளிதில் இறங்காது, மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. பளிங்கோ மென்மையானது. ஒளி அதன் மேற்பரப்பில் சிறிதளவு ஊடுருவித் திரும்புவதால் மனிதத் தோலைப் போன்ற தோற்றம் தரும். கண்ணிமை, உதட்டோரம், துணியின் மடிப்பு ஆகிய நுட்பங்களை அதில் காட்ட முடியும். இத்தாலியிலுள்ள கராரா என்னும் ஊரின் வெண்பளிங்கு உலகப் புகழ் வாய்ந்தது. நம் நாட்டில் தாஜ்மகாலுக்கு இராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து பளிங்கு வந்தது.

சிற்பி நேரே பளிங்குப் பாறையில் உளியை வைத்து அடிப்பார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்நாளைய ஐரோப்பியச் சிற்பக்கூடங்களில் முறை வேறு. முதலில் சிற்பி களிமண்ணில் உருவத்தைச் செய்வார். மண் காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரத்துணியால் மூடி வைப்பார்கள். பின்பு அதன்மேல் பாரிஸ் சாந்தைப் பூசி அச்சு எடுத்து, அந்த அச்சிலிருந்து வெள்ளைச் சாந்துருவம் ஒன்றை வார்ப்பார்கள். அச்சாந்துருவத்தில் பல இடங்களில் புள்ளிகள் குறித்து, புள்ளி காட்டும் கருவி ஒன்றினால் ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் அளந்து, அதே அளவுக்குப் பளிங்கில் துளையிடுவார்கள். துளைகளின் அளவு வரை கல்லைக் கழித்தால் உருவம் வெளிப்படும். பிறகு மெல்லிய உளி, அரம், இறுதியாக மெருகு.

இவ்வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பெயர் தெரியாத கல்தச்சர்களே. சிலையின் அடியில் இருப்பது ஒருவருடைய பெயர். அதன் மேனியில் இருப்பதோ பல கைகளின் உழைப்பு. நம் நடுகற்களைச் செதுக்கியவர்களின் பெயர்களும் பெரும்பாலும் நமக்குக் கிட்டவில்லை அல்லவா?

வந்தேறி என்னும் வசைச்சொல்

லண்டனில் 1851-ஆம் ஆண்டு மாபெரும் கண்காட்சி நடந்தபோது, கண்ணாடி மாளிகைக்கு வெளியே ரிச்சர்டு மன்னரின் குதிரைவீர உருவத்தை மரோக்கெட்டி அமைத்தார். மக்கள் வியந்தனர். பின்னர் அது வெண்கலத்தில் வார்க்கப்பட்டு 1860-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்திற்கு அருகே நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்தபோது அச்சிலையின் கையிலிருந்த வாள் வளைந்தது, முறியவில்லை.

விக்டோரியா மகாராணியாரும் அவர் கணவர் ஆல்பர்ட் இளவரசரும் மரோக்கெட்டியிடம் பெருமதிப்பு வைத்தனர். பணிகள் குவிந்தன. உள்ளூர்ச் சிற்பிகளுக்கோ இது பொறுக்கவில்லை. நம் நாட்டு நினைவுச் சின்னங்களை ஓர் அயல்நாட்டான் செய்வதா என்று முணுமுணுத்தனர். ஆல்பர்ட் இளவரசரே ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்! மரோக்கெட்டி சில சிலைகளுக்கு வண்ணம் தீட்டியதையும் பலர் பழித்தனர். பளிங்கு வெண்மையாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பண்டைய கிரேக்கர்கள் தம் சிலைகளுக்கு வண்ணம் பூசியவர்களே. வண்ணமிட்ட சுரூபங்களைப் பார்த்துச் செபிக்கும் நமக்கும், வண்ணச் சுதைகள் நிறைந்த கோபுரங்களைக் காணும் நம் ஊராருக்கும் அதில் வியப்பு ஏதும் இல்லை.

எதிர்ப்புக்கு அவர் உழைப்பால் விடை கூறினார். லண்டனில் தம் இல்லத்தை அடுத்தே சிற்பக்கூடமும் வார்ப்படச் சாலையும் அமைத்தார். டிரபால்கர் சதுக்கத்தில் நான்கு பெரிய வெண்கலச் சிங்கங்கள் அமர்ந்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்போம். அவற்றை வடிவமைத்தவர் லாண்ட்சீர் என்னும் ஓவியர். வார்த்துக் கொடுத்தவர் மரோக்கெட்டி. ஒருகாலத்தில் அவரை ஒதுக்கியவர்களின் நடுவே, 1866-இல் அரசுக் கலைக்கழகத்தின் முழு உறுப்பினராக அமர்ந்தார்.

ஒரே தீவில் இரண்டு சிறுமியர்

தோழியரே! மரோக்கெட்டியின் படைப்புகளுள் நம் நெஞ்சை மிகவும் தொடுபவை, அரசர்களின் சிலைகள் அல்ல. நம்மையொத்த வயதுடைய இரண்டு சிறுமியரின் பளிங்குருவங்களே. இரண்டும் இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் என்னும் தீவிலேயே இருக்கின்றன.

முதலாமவள் எலிசபெத். முதலாம் சார்லஸ் மன்னரின் மகள். தந்தை 1649-இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். மகள் காவலில் வைக்கப்பட்டு, வைட் தீவின் காரிஸ்புரூக் கோட்டையில் 1650-இல் நோயுற்று இறந்தாள். அப்போது அவளுக்கு வயது பதினான்கு. திறந்த வேதாகமத்தின்மேல் கன்னம் சாய்ந்தபடியே அவள் உயிர்நீத்தாள் என்பர். இருநூறு ஆண்டுகள் கழித்து விக்டோரியா மகாராணியார் அவளுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப விரும்பினார். 1856-இல் மரோக்கெட்டி அதனை முடித்தார். நியூபோர்ட் நகர ஆலயத்தில் அச்சிறுமி வேதாகமத்தைத் தலையணையாகக் கொண்டு உறங்குகிறாள். மேலே சிறைக்கம்பிகள் முறிந்து கிடக்கின்றன. மரணம் அவளுக்கு விடுதலை ஆயிற்று என்பது அதன் பொருள்.

இரண்டாமவள் கௌரம்மா. இவள் நம் அண்டை நாடாகிய குடகின் இளவரசி! குடகின் கடைசி அரசரான சிக்க வீரராஜேந்திரரை 1834-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அரியணையிலிருந்து இறக்கி நாடு கடத்தினர். அவர் வேலூரிலும் பின்னர் காசியிலும் வைக்கப்பட்டார். கௌரம்மா 1841-இல் பிறந்தாள். தான் இளவரசியாகப் பிறக்க வேண்டிய மண்ணை அவள் பிறக்கும் முன்பே அவள் தந்தை இழந்துவிட்டார்.

1852-இல் தந்தை அவளை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவள் ஞானஸ்நானம் பெற்றாள். மகாராணியாரே ஞானத்தாயாக நின்று 'விக்டோரியா' என்னும் தம் பெயரையே அவளுக்குச் சூட்டினார். பதினோரு வயதுச் சிறுமி அதன்பின் ஆங்கிலேயக் குடும்பங்களின் பொறுப்பில் வளர்க்கப்பட்டாள். வீடு, மொழி, உணவு, உடை எல்லாமே மாறின.

அவளுடைய முகத்தை மரோக்கெட்டி பளிங்கில் மார்பளவுச் சிலையாக வடித்து, மென்மையாக வண்ணமும் தீட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில், நாடிழந்து இங்கிலாந்துக்கு வந்த பஞ்சாப் இளவரசர் துலீப் சிங்கின் உருவத்தையும் அவ்வாறே செய்தார். இருவருக்கும் மணம் முடிக்க வேண்டும் என்பது மகாராணியாரின் விருப்பம். அது கைகூடவில்லை. இரு சிலைகளும் வைட் தீவில் அவர் கோடைகாலத்தைக் கழித்த ஆஸ்போர்ன் மாளிகைக்குச் சென்றன.

கௌரம்மா 1860-இல் தன்னைவிட மிக மூத்தவரான காம்பெல் என்னும் படைத்தலைவரை மணந்தாள். ஒரு பெண் குழந்தைக்குத் தாயானாள். 1864-இல் இறந்தாள். இருபத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. குடகை அவள் பார்க்கவே இல்லை.

இவ்விரு சிலைகளையும் சேர்த்து எண்ணிப் பார்ப்போம். தன் நாட்டில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலச் சிறுமிக்கு முறிந்த கம்பிகள் கிடைத்தன. அவள் துயரத்தைக் கல் வெளிப்படையாகச் சொல்கிறது. அரண்மனை விருந்தினளாக வாழ்ந்த கௌரம்மாவின் சிலையிலோ கம்பிகள் ஏதும் இல்லை. அவளும் ஒருவகையில் சிறைப்பட்டவளே என்பதை எவரும் கல்லில் எழுதவில்லை. அன்பு காட்டியவர்கள் அவளுக்கு நன்மை செய்வதாகவே நம்பினர். ஆயினும் அவளுடைய விருப்பம் என்ன என்று யாராவது கேட்டார்களா? ஒருவருக்கு நன்மை செய்யும்போது அவர் மனத்தையும் கேட்டறிவதே மெய்யான அன்பு என்னும் பாடத்தை இந்தப் பளிங்கு முகம் நமக்குக் கற்பிக்கிறது.

கான்பூரின் வானதூதர்

1857-ஆம் ஆண்டுப் பெரும் கிளர்ச்சியின்போது கான்பூரில் பீபிகர் என்னும் வீட்டில் அடைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 200 ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்டனர். கொடுமையான செயல், அதற்கு நியாயம் கூற எவராலும் இயலாது. அதற்குப் பழிவாங்க வந்த ஆங்கிலேயப் படையினர் செய்த கொடுமைகளும் எண்ணிலடங்காதவை. சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்த நீல் என்னும் தளபதி, பிடிபட்டவர்களைத் தரையிலிருந்த இரத்தக் கறையை நக்கச் செய்து, பின் தூக்கிலிட்டான்.

அக்கிணற்றின்மேல் நினைவுச்சின்னம் எழுப்பக் கானிங் பிரபு முடிவு செய்தார். அவர் மரோக்கெட்டியை நாடினார். வெண்பளிங்கில் ஒரு வானதூதர்; கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, இரு குருத்தோலைகளை ஏந்தி, தலை தாழ்த்தி நிற்கிறார். குருத்தோலை வேதசாட்சிகளின் அடையாளம். உயிர்த்தெழுதலின் தூதர் என அதனை அழைத்தனர். முகத்தில் சினம் இல்லை, பழி இல்லை, துயரமும் பொறுமையுமே உண்டு.

ஆனால் சிலையைச் சுற்றி நடந்தது வேறு. நினைவுச்சின்னம் நின்ற தோட்டத்திற்குள் இந்தியர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. தம் சொந்த ஊரிலுள்ள தோட்டத்தை அவ்வூரார் வேலிக்கு வெளியே நின்று பார்த்தனர். தூக்கிலிடப்பட்ட சிற்றூர் மக்களுக்காக அழுவதற்கு ஒரு வானதூதரும் வைக்கப்படவில்லை.

சுதந்திரத்திற்குப் பின் அச்சிலை கான்பூர் நினைவு ஆலயத்தின் வளாகத்திற்கு மாற்றப்பட்டது. பழைய தோட்டம் நானாராவ் பூங்காவாயிற்று. விடுதலைக்காகப் போராடியவர்களின் சிலைகள் அங்கே எழுந்தன. சிலையை உடைத்தெறியாமல், இறந்தவர்களுக்காகச் செபிக்கும் இடத்தில் அதனை வைத்தது பண்பாடான செயல் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மேலே சொன்ன நீலுக்கும் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு சிலை இருந்தது. அது வேறொரு சிற்பி செய்த வெண்கலச் சிலை. அதனை அகற்றக் கோரி 1927-இல் தமிழ்நாட்டில் சத்தியாக்கிரகம் நடந்தது. கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறுமகளோடு அதில் கலந்துகொண்டு சிறை சென்றார். 1937-இல் இராஜாஜியின் அமைச்சரவைக் காலத்தில் அச்சிலை அகற்றப்பட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. மாண்ட குழந்தைகளுக்காகத் தலைதாழ்த்தும் சிலையை ஆலயம் ஏற்றது. மனிதரை வதைத்தவனைப் பெருமைப்படுத்திய சிலையை வீதி ஏற்க மறுத்தது. இந்த வேறுபாட்டை நாம் உணர வேண்டும்.

இறுதிப் பணி

1861-இல் ஆல்பர்ட் இளவரசர் இறந்தார். அவருடைய கல்லறைக்குப் பளிங்குருவம் செய்யும் பணி மரோக்கெட்டியிடம் வந்தது. துயரத்தில் மூழ்கிய மகாராணியார் தம் உருவத்தையும் அப்போதே செய்து வைக்கச் சொன்னார். சிற்பி 1867-இல் பாசியில் காலமானார். மகாராணியார் 1901-இல் மறைந்தபோது அவருக்கு வயது எண்பத்தொன்று. நெடுங்காலத்திற்கு முன் செய்த அச்சிலை எங்கே வைக்கப்பட்டது என்பதே மறந்துபோய், வின்ட்சர் கோட்டையில் தேடிக் கண்டெடுத்தார்களாம்! இன்று பிராக்மோர் கல்லறை மாளிகையில் முதுமையில் இறந்த மகாராணி, இளமை மாறாத முகத்தோடு கணவரின் அருகே துயில்கின்றார்.

நாம் கற்பது யாது?

மரோக்கெட்டி எந்த நாட்டவர்? இத்தாலியர் அவரைத் தம்மவர் என்பர்; பிரெஞ்சுக்காரர் தம்மவர் என்பர்; ஆங்கிலேயரோ உயிரோடிருந்தபோது அயலார் என்றனர். பிழைப்புத் தேடி நம் தருமபுரியிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்கின்ற தாய் தந்தையர் எத்தனை பேர்! நம் ஊருக்கு வேலை தேடி வருகின்ற வடநாட்டுத் தொழிலாளர் எத்தனை பேர்! அவர்களும் தம் கையில் ஒரு திறனைக் கொண்டு வருகிறார்கள். அந்நியன் என்று ஒதுக்காமல் அவன் கைவேலையைப் பார் என்று இச்சிற்பியின் வாழ்வு கூறுகிறது. அந்நியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள் என்பதன்றோ இயேசு ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்க்கும் செயல்!

அரசர்க்காகவே உழைத்த சிற்பி அவர். கல்லுக்குப் பணம் கொடுத்தவர்கள் விரும்பியதையே செய்தார். எனினும் அவர் கை நேர்மையாக இருந்ததால், கௌரம்மாவின் முகம் இன்றும் நம்மிடம் பேசுகிறது. அவளை அறியாத நாம் அவளுக்காக இரங்குகிறோம்.

தோழியரே! நம் ஊர் வயலோரத்தில் ஒரு நடுகல்லைக் கண்டால் துணி துவைக்கும் கல்லாகவோ மாடு கட்டும் கல்லாகவோ எண்ணிக் கடந்து போகாமல், ஒரு கணம் நிற்போம். அதில் உள்ள எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் பெரியோரிடமும் ஆசிரியரிடமும் கேட்போம். அதியமானை நினைக்கும் நாம், அவனுக்காகக் கல் சுமந்தவர்களையும், போரில் மாண்ட மறுபக்கத்து வீரர்களையும், அவர்களுக்காக அழுத தாய்மாரையும் நினைப்போம். கல்லில் இடம் பெறாதவர்களுக்கு நம் நெஞ்சில் இடம் கொடுப்போம். அதுவே அழியாத நினைவுச்சின்னம்.

— பத்தாம் வகுப்பு மாணவி